என் மூக்குக்கு வயதாகவில்லை

டிசம்பர் 2, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்து வஞ்சிரம் குழம்பு வைத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால், வருடா வருடம் வழக்கம்போல் அந்தச் சின்ன ஒயின் பீப்பாயைத் திறந்தோம். அதிலிருந்து மனசே சரியில்லை.

எங்கள் மகள் செலின் பிறந்த வருடம் இவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் துலோனில் இருந்தார். கூட இருந்த போர்த்துக்கீசியச் சிநேகிதன் தன் ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்த வெள்ளை போர்த்தோ இது. வெள்ளைத் திராட்சைச் சாறு பாதி புளிக்கும்போதே பிராந்தியை ஊற்றி நிறுத்திவிடுவார்களாம். இனிப்பும் தங்கும், வீரியமும் தங்கும். மரத்தில் கிடக்கக் கிடக்க ருசி ஏறும். "மகள் கல்யாணத்துக்குத் திறப்போம்" என்று எழுதிக் கப்பலில் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவைத்தார். கல்யாணம் நடந்தது. அதற்குப் பீப்பாய் திறக்கவில்லை.

மரம் கொஞ்சம் குடிக்கும், காற்று கொஞ்சம் குடிக்கும். குறைகிற அளவுக்கு வருடம் ஒருமுறை இளம் போர்த்தோ ஊற்றி நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு முன் நாங்கள் இருவரும் ஆளுக்கு அரை கிளாஸ் எடுத்து ருசி பார்ப்போம். சாமான் அறைச் சாவி இவரிடம், மூக்கு என்னிடம். இவர் கிளாஸைச் சுழற்றி பிரெஞ்சில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, என்ன வாசனை என்று என்னைத்தான் கேட்பார்.

போன வருடம் எப்படி இருந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பழைய தேன் நிறம். முதலில் அக்ரூட்டை உடைத்த வாசனை. பிறகு வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், உலர்ந்த ஆப்ரிகாட். நாக்கில் இனிப்பு உட்காரும், உடனே ஒரு புளிப்பு வந்து அதை எழுப்பிவிடும். விழுங்கிய பிறகு உப்புப் போட்டு வறுத்த பாதாம், கொஞ்சம் கடற்காற்று. அது வெகுநேரம் வாயை விட்டுப் போகாது.

இன்றைக்கு நிறமே வெளிறியிருந்தது. முகர்ந்தால் பச்சைப் பேரிக்காய். அதன் பின்னால் சாராய நெடி மூக்கைக் குத்துகிறது. அக்ரூட் எங்கேயோ அடியில், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. விழுங்கினேன், அதோடு முடிந்துபோனது.

"இதுல பாதி இளசுங்க. யாரோ பழசை எடுத்துட்டுப் புதுசை ஊத்தியிருக்காங்க" என்றேன்.

இவர் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "உன் மூக்குக்கு வயசாயிடுச்சு மதலேன்" என்றார்.

எனக்கு அறுபத்துமூன்று. மூக்கு மட்டும் இளசாகவா இருக்கும்? இருந்தாலும், கட்டின பெண்சாதியிடம் இப்படியா சொல்வது! அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் போடவில்லை.

டிசம்பர் 4, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் இவருக்குப் பெத்தாங் நாள். பழைய பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் அவர்கள் சங்கத்தில் சேர்ந்து இரும்புக் குண்டை உருட்டுகிறார்கள். பைபாஸ் செய்த மனுஷன், நடமாட்டம் இருக்கட்டும் என்று நானும் ஒன்றும் சொல்வதில்லை. பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போனால் சாயந்திரம்தான் வருவார்.

அவர் போனதும் அஞ்சறைப் பெட்டியை எடுத்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தேன். சீரகம், சோம்பு, மிளகு, எதிலும் தப்பவில்லை. போன மாதத்து மஞ்சளும் இந்த மாதத்து மஞ்சளும்கூடப் பிரித்துச் சொன்னேன். என் மூக்குக்கு ஒரு கேடும் இல்லை.

அப்படியானால் யார் எடுத்தது?

டிசம்பர் 6, வியாழன்

மழை. துணி காயவில்லை. ரேஷன் கடையில் கூட்டம்.

டிசம்பர் 8, சனி

அமலோற்பவ மாதா திருநாள். செலின் பிறந்த நாளும்.

கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். வீட்டில் அவள் பெயரைச் சொல்ல முடியாது. சொன்னால் இவர் தட்டை விட்டு எழுந்துவிடுவார்.

நம் கோயிலைச் சேராத பையன், தணிகைவேல் என்று பெயர், பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கென்ன, உலகத்தில் நடக்காததா? நான் மறுநாளே போய்ப் பார்த்திருப்பேன். இவர்தான் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "இந்தத் தலை மேல சத்தியம் பண்ணு. அவளைப் பாக்க மாட்டேன், பேச மாட்டேன்னு. மீறினா நான் செத்தேன்னு வச்சுக்கோ" என்றார். நெஞ்சில் தையல் பிரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செய்தேன்.

ஒன்பது வருடம். அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்தால் கால் நிற்காது. பெற்ற வயிறு பற்றி எரிந்தாலும் தாலியை நினைத்து அடங்கிக் கிடக்கிறேன்.

சாயந்திரம் ரவைக் கஞ்சி. இவருக்குப் பசியில்லையாம், நேற்று சங்கத்தில் பிரியாணியாம்.

டிசம்பர் 16, ஞாயிறு

நேற்று லூசியேன் பாரீசிலிருந்து வந்தான். இவருக்கு ஒரே தம்பி. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் பெண்சாதியோடு வருவான், பீப்பாய்க்கு ஊற்ற இளம் போர்த்தோ அவன்தான் கொண்டுவருவான். போன முறை இரண்டு மாதம் எங்கள் வீட்டில், சாமான் அறைக்குப் பக்கத்து அறையில்தான் தங்கினான். கிளாஸைப் பார்த்தால் கை நீளும் ஆள். இரண்டும் இரண்டும் நாலு என்று எனக்குத் தோன்றியது. வாயை அடக்கவா எனக்குத் தெரியும்?

சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டேன். "ஏம்பா லூசியேன், பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா? பீப்பாய்ல பாதியைக் காணோமே."

அவன் முகம் செத்துப்போனது. "அண்ணி! நான் தொட்டது இல்ல அண்ணி. முன்னல்லாம் ரெண்டு பாட்டில் கொண்டாருவேன். இப்ப ரெண்டு மூணு வருஷமா அண்ணன்தான் நாலு கேக்குறாரு. எதுக்குன்னுகூட நான் கேட்டது இல்ல."

"நல்லாச் சொன்ன. எடுத்ததும் நீ, கணக்குச் சொல்றதும் நீ."

அவன் இவரைப் பார்த்தான். இவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிப்பது இவருக்குப் பெரிய வித்தை. ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி மேல் உள்ள வருத்தம்தான் வாயை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

லூசியேன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓட்டலில் அறை எடுக்கப் போய்விட்டான். அவன் பெண்சாதி அழுதுகொண்டே பெட்டி கட்டினாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

டிசம்பர் 19, புதன்

முந்திரி, திராட்சை, வெண்ணெய் வாங்கிவந்தேன். செய்து யாருக்குக் கொடுக்க என்று தோன்றி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 23, ஞாயிறு

எதிர் வீட்டு ரொசாலி கிறிஸ்துமஸ் தட்டு கொண்டுவந்தாள். இங்கே குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, வெள்ளை மனசு. முறுக்கு, அதிரசம், கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரில் செய்யும் விவிகம் என்ற ரவைக் கேக் நாலு துண்டு.

"மதலேனக்கா, கேக்கை மட்டும் நான் செய்யல. மருமக கடலூர்ல வேலை பாக்குறா இல்ல, அங்க மஞ்சக்குப்பத்துல ஒரு பொண்ணுகிட்ட ஆர்டர் கொடுத்து வாங்கியாந்தா. ஊரே அவகிட்டதான் வாங்குதாம்."

அவள் போனதும் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டேன்.

ரவையை வெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்த பக்குவம். சரி, பாண்டிச்சேரியில் யாரும் செய்வார்கள். மென்றேன். அக்ரூட் வாசனை வந்தது. கேக்கைக் கிளறிப் பார்த்தேன், தூள் தூளாக உதிர்த்துப் பார்த்தேன், அக்ரூட் ஒரு துணுக்குகூட இல்லை. முந்திரியும் திராட்சையும்தான். திராட்சையை மட்டும் தனியாக எடுத்துக் கடித்தேன், ஒயினில் ஊறவைத்த திராட்சை. ஆரஞ்சுத் தோல், ஆப்ரிகாட், இனிப்பை எழுப்பிவிடும் அந்தப் புளிப்பு. விழுங்கி வெகுநேரம் கழித்தும் உப்பு பாதாம் நாக்கில் நின்றது.

இரண்டாவது துண்டையும் தின்றேன். மூன்றாவதையும்.

கடலூரில் எத்தனையோ பேர் கேக் செய்கிறார்கள். யாரிடமும் பழைய ஒயின் இருக்கலாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்துபோனது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

டிசம்பர் 25, செவ்வாய்

நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்தோம். காலையில் மீதியிருந்த ஒரு துண்டை இவர் முன்னால் வைத்தேன். "ரொசாலி கொடுத்தாங்க. கடலூர் கேக்" என்றேன்.

கை தட்டு வரைக்கும் வந்து நின்றது. "சர்க்கரை ஏறும்" என்றார். நேற்று அதிரசம் மூன்று தின்றபோது ஏறாத சர்க்கரை.

பத்து மணிக்குப் பிளாஸ்கை எடுத்தார். "சங்கத்துல கேக் வெட்டுறாங்க." நல்ல நாளும் அதுவுமாக யார் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? கடலூர் போகும் வழியில் எல்லைச் சாவடியில் பஸ்ஸில் ஏறிப் பாட்டில் தேடும் போலீஸ்காரன்கூட, நரைத்த மீசையும் மெடல் பேட்ஜும் வைத்த பெரியவரின் பிளாஸ்கைத் திறந்து பார்க்க மாட்டான்.

எதற்கு எல்லைச் சாவடி ஞாபகம் வந்தது? இவர் பெத்தாங் விளையாடத்தானே போகிறார்.

ரொசாலி வீட்டுக்குப் போய், அந்தக் கேக் டப்பாவைக் கொடு என்று கேட்டேன். மேலே ஒரு விலாசம் ஒட்டியிருந்தது. கீழே 'செலின்' என்று இருந்தது.

டிசம்பர் 26, புதன்

வில்லியனூர் மாதா கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். சத்தியம் நினைவில்லாமல் இல்லை. நான் சத்தியம் செய்த தலையே வாரம் இரண்டு முறை அங்கே போய்வரும்போது எனக்கு மட்டும் என்ன கட்டுப்பாடு?

அவள்தான் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மாவு. காதோரம் நரைத்திருக்கிறது. முப்பத்துநாலு வயதில் என் குழந்தைக்கு நரைத்திருக்கிறது.

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" இதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா."

"நேத்து நல்லாத்தானே வந்துட்டுப் போனாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றாள். நீங்க, வாங்க. நான் பெற்ற மகள்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். என்னத்தைக் கேட்பது, எங்கே தொடங்குவது? அவளே தொடங்கினாள். "என் பேரைச் சொன்னாலே தட்டை விட்டு எழுந்துடுவீங்களாமே. இன்னைக்கு என்ன அதிசயமா?"

"அது நான் இல்லடி! அவரு! தட்டை விட்டு எழுந்திரிக்கிறது உங்கப்பாதான்!"

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அப்பா ஏழு வருஷமா வந்துக்கிட்டிருக்காரு. உங்களுக்குத் தெரியாம, திருடன் மாதிரி. உங்க பிடிவாதத்துனாலதான் அந்த வயசுல பஸ்ஸுல அலையறாரு. போன் நம்பரையே மாத்திட்டீங்களே, நான் பேசிடுவேன்னு."

நம்பரை மாற்றியது இவர். லோன் கம்பெனிக்காரன் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லி மாற்றினார். நானும் நல்லதாப் போச்சு என்றேன்.

பிறகு அவள் சொன்னதை எழுதக் கை வரவில்லை. எழுதியே தீர்கிறேன். அஞ்சாம் மாசத்தில் ஒரு பிள்ளை போயிருக்கிறது அவளுக்கு. "ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, அம்மாவைக் கூப்பிடுங்கப்பான்னு அழுதேன். வெளிய போய்ப் போன் பண்ணிட்டு வந்தாரு. வந்து, வரமாட்டாங்கன்னு தலையை மட்டும் ஆட்டினாரு. அன்னைக்கு நான் விட்டுட்டேன் உங்களை."

"எனக்கு எந்தப் போனும் வரலடி. மாதா மேல ஆணையா வரல."

"அப்பா பொய் சொல்ல மாட்டாரும்மா. எனக்குன்னு நின்னது அவர் ஒருத்தர்தான்."

அவள் புருஷன் தணிகைவேல் காபி கொண்டுவந்து வைத்தான். மரியாதையான பையன். அவனாலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவர் வாயாலேயே சொல்லச் சொல்றேன். அப்ப நம்புவியா?" என்றேன்.

கையில் ஒட்டிய மாவைத் தேய்த்து உதிர்த்தாள். "ஆறாந்தேதி மூணு ராஜாக்கள் திருநாளுக்கு அப்பா சாப்பிட வராரு. நீங்களும் வாங்க. சொல்லட்டும்."

டிசம்பர் 27, வியாழன்

கூடத்தில் உட்கார்ந்து இரும்புக் குண்டுகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

"செலினைப் பாத்துட்டு வந்தேன். உங்க தலை இன்னும் கழுத்து மேலதான் இருக்கு."

துணி கையிலேயே நின்றது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒயினை அவகிட்டக் கொடுத்தேன். அது அவளுது. அவளுக்காக வச்சதுதானே" என்றார்.

"ஒயினை யாரு கேட்டா? பீப்பாயோட தூக்கிக் கொடுங்க! எம் பொண்ணை எங்கிட்டேருந்து ஏன் எடுத்தீங்க? ஆஸ்பத்திரில வெளிய போய் யாருக்குப் போன் பண்ணீங்க? பாவி மனுஷா, யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. சும்மா நின்னுட்டு உள்ள போனேன்."

எதிரில் உட்கார்ந்தேன். அவர் குண்டைப் பார்த்துக்கொண்டுதான் மேலே பேசினார்.

"லீவுல வருவேன். 'அம்மா, ஒரு மாமா வந்திருக்காங்க'ன்னு உள்ள ஓடும் புள்ள. என்ன வாங்கியாந்தாலும் உங்கிட்டக் காட்டிட்டுத்தான் தொடுவா. ரிடையராயி வந்தப்புறமும் அதே கதைதான். நீயும் அவளும் அடுப்படியில பேசிச் சிரிப்பீங்க, நான் வந்தா நிறுத்திடுவீங்க. முதல்ல கோவத்துலதான் சத்தியம் வாங்கினேன். அப்புறம் மனசு கேக்காம ஒருநாள் போனேன். அப்பான்னு கட்டிக்கிட்டா. முதல் தடவை மதலேன். நீயும் வந்தா என்னை யாரு பாப்பா? நான் மறுபடியும் மாமாதான்."

அடப்பாவி என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு நொடி அவருக்காகவும் நெஞ்சு வலித்தது, அந்த வலி எனக்கே பிடிக்கவில்லை. ஒன்பது வருடம் நான் யார் உயிருக்குப் பயந்தேனோ அந்த ஆள் என் வயிற்றிலேயே கை வைத்திருக்கிறார். மூக்குக்கு வயசாயிடுச்சாம்! கூடப் பிறந்தவனையும் பார்த்துக்கொண்டே திருடனாக்கினாரே.

"ராஜாக்கள் திருநாளுக்கு அவ முன்னாடி சொல்லுங்க. எல்லாத்தையும்" என்றேன்.

"சொல்றேன்."

"சத்தியம் எல்லாம் வேணாம். சொல்லுங்க, அது போதும்."

"சொல்றேன்னு சொன்னேன் இல்ல." கண் கலங்கியிருந்தது. நம்பினேன்.

டிசம்பர் 31, திங்கள்

லூசியேன் தங்கியிருக்கும் ஓட்டலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி, நீங்க திட்டாத ஆளா நான்" என்றான். அண்ணன் பேசாமல் இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லையாம்.

ஜனவரி 2, புதன்

செலினுக்கு ஊதா பிடிக்கும். ஒரு சேலை எடுத்தேன். இப்போதும் பிடிக்குமா?

ஜனவரி 6, ஞாயிறு

மஞ்சக்குப்பம். இறால் தொக்கு, கோழி, ரசம், எல்லாம் அவளே சமைத்திருந்தாள். இவர் அந்த வீட்டில் சொந்தக்காரர் போல நடக்கிறார். தண்ணீர்ச் சொம்பு எங்கே, துண்டு எங்கே, எல்லாம் தெரிகிறது. ஒரு நாற்காலி அவருக்கென்றே இருக்கிறது. நான் எங்கே உட்கார்வது என்று கேட்டு உட்கார்ந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும், "சொல்லுங்க" என்றேன். செலின் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். தணிகைவேலும் கதவருகே நின்றான்.

இவர் வாயைத் துடைத்தார். மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். கோயிலில் மாதா சுரூபத்தைப் பார்க்கிற பார்வை. அதை இழக்க எவனுக்கு மனசு வரும்?

"செலின், உங்கம்மா இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கா" என்றார். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. "யாரு என்ன சொன்னாங்க, யாரு மேல தப்புன்னு இனிமே எதுக்கும்மா? மனசு மாறி வந்துட்டா. அதைப் பாரு. பழசைக் கிளறாத."

எழுந்து கத்த வேண்டும். 'பொய்! முழுசும் பொய்!' வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உடம்பு குலுங்க அழுகிறாள். "பரவால்லம்மா. நான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். வந்துட்டியே, எனக்கு அது போதும்."

ஒன்பது வருடம் கழித்து என் மகள் என் தோளில். இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவள் யாரை விடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கை என் கழுத்திலிருந்து இறங்கிவிடும்.

முதுகைத் தடவிக் கொடுத்தேன். "சரிம்மா" என்றேன்.

இவர் பாயசம் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில், "பாத்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மனுஷனோடு இனி எனக்குப் பேச்சு இல்லை. சோறு போடுவேன், மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

ஜனவரி 7, திங்கள்

காலையில் செலின் போன் செய்தாள். ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டாளாம். இனிமேல் தினமும் பேசுவாளாம். வைப்பதற்கு முன், "அம்மா, நீ செஞ்சதை எல்லாம் நான் மறந்துட்டேன். நீயும் அதையே நினைச்சு உருகாத" என்றாள்.

நன்றி சொன்னேன்.